ஸ்பெயினில் விடுமுறை வாடகை லைசென்ஸ்: முன்பணம் கட்டும் முன் பார்க்க வேண்டியவை

கேள்வி: நானும் கணவரும் லண்டனில் இருக்கிறோம். இருவரும் பிரிட்டிஷ் குடிமக்கள். தெற்கு ஸ்பெயினில் ஃபுவென்ஹிரோலாவில் இரண்டு படுக்கையறை ஃபிளாட் ஒன்றைப் பார்த்திருக்கிறோம், 62 சதுர மீட்டர். வருடத்தில் ஏழெட்டு வாரம் நாங்கள் தங்குவோம், மீதி நாட்களில் சுற்றுலா வருபவர்களுக்கு வாடகைக்கு விட எண்ணம். விற்பவரிடம் லைசென்ஸ் இருக்கிறது, அது வீட்டோடு சேர்ந்து உங்களுக்கு வந்துவிடும் என்கிறார் தரகர். அடுத்த வாரம் 10 சதவீத முன்பணம் கேட்கிறார்கள். லைசென்ஸுக்கென்று நாங்கள் தனியாக ஏதாவது செய்ய வேண்டுமா?

பதில்:

அக்கா, முதலில் அந்த முன்பணத்தை நிறுத்தி வையுங்கள். மற்றதைப் பிறகு பேசலாம்.

நான் மாலகாவில் ஒரு கெஸ்டோரியாவில் வேலை செய்கிறேன். நம் ஊர் ரெஜிஸ்டர் ஆபீஸ் வாசலில் இருக்கும் பத்திர எழுத்தர், ஆடிட்டர், ஆர்.டி.ஓ. ஏஜென்ட் மூன்று பேரும் ஒரே மேசையில் உட்கார்ந்தால் எப்படி இருக்கும், அதுதான் கெஸ்டோரியா. உங்களைப் போல லண்டனிலிருந்து வாங்க வருபவர்களின் காகிதங்கள்தான் எங்கள் அன்றாட வேலை. அதில் திரும்பத் திரும்பப் பார்ப்பது ஒன்று: அரசாங்கத்தின் எண்ணை வாங்குவது சுலபம், பக்கத்து வீட்டுக்காரர்களின் சம்மதம்தான் கடினம். எல்லோரும் முதலாவதை மட்டும் விசாரித்துவிட்டு வீட்டை வாங்கிவிடுகிறார்கள்.

'லைசென்ஸ்' என்ற சொல்லே நம்மை ஏமாற்றிவிடுகிறது. ஃபுவென்ஹிரோலா அந்தாலூசியா மாகாணத்தில் வருகிறது. இங்கே அதிகாரி வந்து வீட்டைச் சுற்றிப் பார்த்து, கையெழுத்துப் போட்டு அனுமதி கொடுக்கும் வழக்கம் இந்த வகை வீடுகளுக்கு இல்லை. நீங்களே ஒரு உறுதிமொழிப் படிவம் தாக்கல் செய்ய வேண்டும். அதன் பெயர் தெக்லரசியோன் ரெஸ்பொன்சாப்ளே. 'இந்த வீடு விதிகள் அனைத்துக்கும் உட்பட்டது, அதற்கான காகிதங்கள் என்னிடம் உள்ளன, நான் பொறுப்பு' என்று எழுதிக் கொடுக்கிறீர்கள். மாகாணத்தின் சுற்றுலாப் பதிவேட்டில் வீடு ஏறி, ஒரு எண் வருகிறது. விளம்பரத்தில் அந்த எண்ணைப் போட்டே ஆக வேண்டும். வீடு விதிப்படி இருக்கிறதா என்ற சோதனை பின்னால்தான் வரும். ஆகவே எண் கையில் இருப்பதாலேயே அந்த வீடு தகுதியான வீடு என்று சொல்லிவிட முடியாது. யாரோ ஒருவர் தகுதி இருக்கிறது என்று எழுதிக் கொடுத்திருக்கிறார் என்பதற்கு மேல் அதில் பொருள் இல்லை. உங்கள் விஷயத்தில் அந்த 'யாரோ' விற்பவர். அவர் எழுதிக் கொடுத்தது அவர் பெயரில். வீடு கைமாறினால் உங்கள் பெயரில் நீங்கள் எழுதிக் கொடுக்க வேண்டும், பொறுப்பும் அன்றிலிருந்து உங்களுடையது.

இனி கட்டடத்துக்கு வருவோம். முடிச்சு அங்கேதான் இருக்கிறது.

ஸ்பெயினில் ஃபிளாட் வாங்கினால் அந்தக் கட்டடத்தின் உரிமையாளர் சங்கத்தில் நீங்கள் தானாகவே உறுப்பினர். கொமுனிதாத் என்பார்கள். நம் ஊர் ஃபிளாட் அசோசியேஷன் மாதிரிதான், ஆனால் சட்டம் அதற்குக் கொடுத்திருக்கும் பல்லின் கூர்மை வேறு. 2019இல் வந்த ஒரு திருத்தத்தின்படி, ஐந்தில் மூன்று பங்கு உரிமையாளர்கள், கட்டடப் பங்கிலும் ஐந்தில் மூன்றைக் கொண்டவர்கள், சேர்ந்து வாக்களித்தால் சுற்றுலா வாடகையைக் கட்டுப்படுத்தலாம். அப்படி விடுபவர்களிடம், பொதுச் செலவுக்கு அவர்கள் கட்டும் பங்கில் 20 சதவீதம் வரை கூடுதலாகவும் வாங்கலாம். 'கட்டுப்படுத்துவது' என்றால் முழுக்கத் தடை செய்வதும் அதில் அடங்குமா என்று வருடக்கணக்கில் வழக்கு நடந்தது. அடங்கும் என்று 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

அடுத்த சில மாதங்களில் நிலைமையே தலைகீழானது. 2025 ஏப்ரல் 3 முதல், புதிதாகச் சுற்றுலா வாடகை தொடங்க நினைப்பவர் சங்கத்தின் வெளிப்படையான ஒப்புதலை முன்கூட்டியே பெற வேண்டும். அதற்கும் அதே ஐந்தில் மூன்று. முன்பு சங்கம் 'வேண்டாம்' என்று சொல்லாதவரை நீங்கள் விடலாம். இப்போது 'சரி' என்று சொன்னால்தான் விடலாம். ஒப்புதல் இல்லாமல் விட்டால், சங்கத் தலைவர் உடனே நிறுத்தச் சொல்லலாம், நீதிமன்றத்துக்கும் போகலாம்.

உங்கள் தரகர் இதற்கு ஒரு பதில் வைத்திருப்பார்: விற்பவர் அந்தத் தேதிக்கு முன்பிருந்தே விடுகிறார், பழையவர்களுக்கு விலக்கு உண்டு என்று. விலக்கு உண்டு, உண்மைதான். ஆனால் சட்டத்தின் வாசகத்தைப் பாருங்கள். முன்பே விதிப்படி இந்தத் தொழிலைச் செய்துவந்த 'அந்த உரிமையாளர்' தொடரலாம் என்றுதான் எழுதியிருக்கிறது. 'அந்த வீடு' தொடரலாம் என்று எழுதவில்லை. உரிமையாளர் மாறினால் விலக்கும் கூடவே வருமா என்பதில் வழக்கறிஞர்களுக்குள் ஒத்த கருத்து இல்லை. அந்த வழக்கில் முன்மாதிரியாக நிற்க உங்கள் சேமிப்பைக் கொடுக்காதீர்கள் என்றுதான் நான் சொல்வேன். சங்கத்தின் ஒப்புதலை உங்கள் பெயருக்கே எழுத்தில் வாங்குங்கள்.

சென்ற வருடம் எங்களிடம் ஒரு தம்பதி வந்தார்கள், லெஸ்டரிலிருந்து. கடலைப் பார்த்த பால்கனி, நல்ல வீடு. விற்பவரிடம் எண் இருந்தது, தரகர் அதன் நகலையும் கொடுத்திருக்கிறார். பத்திரம் முடிந்து மூன்றாவது வாரம் சங்கக் கூட்ட நோட்டீஸ் வந்தது. முந்தைய வருடமே அந்தக் கட்டடம் சுற்றுலா வாடகை வேண்டாம் என்று தீர்மானம் போட்டு, அதை நிலப் பதிவேட்டிலும் ஏற்றிவிட்டிருக்கிறது. விற்பவர் அதற்காகத்தான் விற்றிருக்கிறார். அந்த அம்மா எங்கள் அலுவலகத்தில் உட்கார்ந்து, 'நம்பர் இருக்கே, நம்பர் இருக்கே' என்று திரும்பத் திரும்பச் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது. தீர்மானத்தை முதல் நாளே பார்த்திருக்கலாம். கூட்டக் குறிப்புப் புத்தகத்தில் ஒன்றரைப் பக்கம், அவ்வளவுதான்.

அதனால் முன்பணத்துக்கு முன் மூன்று காகிதம் கேளுங்கள். நிலப் பதிவேட்டிலிருந்து நோத்தா சிம்ப்ளே. வில்லங்கச் சான்று போன்றது, வீடு யார் பெயரில், கடன் உண்டா என்பதெல்லாம் அதில் தெரியும். கூடவே கட்டடத்தின் சட்டவிதிகளும் பதிவாகியிருந்தால் அதன் நகல். மூன்றாவது, கடைசி மூன்று நான்கு வருடக் கூட்டக் குறிப்புகள். இவற்றைக் கட்டடத்தின் நிர்வாகியிடம் விற்பவர்தான் கேட்டு வாங்க வேண்டும்; நீங்கள் நேரடியாகக் கேட்டால் கொடுக்க மாட்டார். விற்பவர் தயங்கினால் அந்தத் தயக்கத்திலேயே பதில் இருக்கிறது.

முன்பணத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். இங்கே அர்ராஸ் ஒப்பந்தம் என்பார்கள். வழக்கமான வகையில், வாங்குபவர் பின்வாங்கினால் முன்பணம் போய்விடும், விற்பவர் பின்வாங்கினால் இரண்டு மடங்காகத் திருப்பித் தர வேண்டும். அதில் ஒரு வாக்கியம் சேர்க்கச் சொல்லுங்கள்: கட்டடச் சங்கம் சுற்றுலா வாடகைக்கு ஒப்புதல் தராவிட்டால், அல்லது நகராட்சி விதி அதைத் தடுத்தால், முன்பணம் முழுவதும் திரும்ப வேண்டும். தரகரின் அச்சடித்த படிவத்தில் இது இருக்காது. உங்களுக்கென்று தனியாக ஒரு வழக்கறிஞர் வேண்டும், தரகர் சொல்லும் வழக்கறிஞர் வேண்டாம்.

நகராட்சி இரண்டாவது வாசல். அந்தாலூசியாவில் 2024 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த ஆணைக்குப் பிறகு, எந்தப் பகுதியில் எத்தனை சுற்றுலா வீடுகள் இருக்கலாம் என்று நகராட்சிகள் எல்லை போடலாம். பக்கத்திலேயே இருக்கும் மாலகா நகரம் அதை இறுக்கமாகவே பயன்படுத்தியது. மொத்த வீடுகளில் 8 சதவீதத்துக்கு மேல் சுற்றுலா வீடுகளாகிவிட்ட 43 பகுதிகளில் புதிய பதிவே கிடையாது என்று 2025 தொடக்கத்தில் அறிவித்தது. ஃபுவென்ஹிரோலா தனி நகராட்சி, மாலகாவின் விதி அங்கே செல்லாது. ஆனால் அடுத்த ஊரில் நடப்பது நாளை இங்கேயும் நடக்கலாம். அந்த முகவரியில் சுற்றுலாப் பயன்பாடு நகரத் திட்டத்துக்கு ஒத்துப்போகிறதா என்று நகராட்சியிடம் எழுத்தில் பதில் வாங்குங்கள். வாய்வார்த்தை போதாது.

இதையெல்லாம் தாண்டிவிட்டால் வீட்டுக்குள் பார்க்க வேண்டியது பெரிய சுமை இல்லை. கட்டடத்தில் முதன்முறை குடிபுகுவதற்கான அனுமதியோ அதற்கு ஈடான சான்றோ வேண்டும். ஒரு விருந்தினருக்கு 14 சதுர மீட்டர் கட்டுமானப் பரப்பு என்பது கணக்கு. உங்கள் 62ஐ 14ஆல் வகுத்தால் நான்கு பேர். வரவேற்பறையில் சோஃபா கட்டில் போட்டு ஆறு பேர் என்று விளம்பரம் செய்ய முடியாது. ஐந்து பேருக்கு மேல் என்றால் இரண்டாவது குளியலறை வேண்டும், உங்களுக்கு அந்தப் பிரச்சினை வராது. படுக்கையறைகளிலும் வரவேற்பறையிலும் மே முதல் செப்டம்பர் வரை குளிர்சாதன வசதி, அக்டோபர் முதல் ஏப்ரல் வரை வெப்ப வசதி. ஜன்னல்கள் வெளிப்பக்கமோ முற்றத்துப் பக்கமோ திறக்க வேண்டும், வெளிச்சத்தை மறைக்க வழியும் வேண்டும். முதலுதவிப் பெட்டி, புகார்ப் படிவங்கள், மாற்றுப் படுக்கை விரிப்புகள், பிரச்சினை என்றால் உடனே எடுக்கும் தொலைபேசி எண். கடைசியாகச் சொன்னதை லேசாக எடுக்காதீர்கள். இரவு பதினொரு மணிக்குத் தண்ணீர்க் குழாய் வெடித்தால் லண்டனிலிருந்து என்ன செய்வீர்கள்? சாவி வைத்திருக்கும் உள்ளூர் ஆள் ஒருவர் கட்டாயம் வேண்டும்.

மாகாண எண் வந்த பிறகு நாடு முழுக்கப் பொருந்தும் இன்னொரு எண்ணும் கேட்கிறார்கள். 2024 டிசம்பரில் வெளியான அரசாணையின்படி, 2025 ஜூலை 1 முதல், இணையத் தளங்களில் குறுகிய கால வாடகைக்கு விளம்பரம் செய்யும் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு தேசியப் பதிவு எண் வேண்டும். விண்ணப்பம் நிலப் பதிவாளர்களிடம் போகிறது. தற்காலிக எண் உடனே கிடைத்துவிடும், சந்தோஷப்பட்டு விளம்பரம் போட்டுவிடுவார்கள். அதன் பிறகுதான் பதிவாளர் கோப்பைத் திறந்து பார்ப்பார். கட்டடத்தின் சட்டவிதியில் சுற்றுலா வாடகைக்குத் தடை பதிவாகியிருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். குறையைச் சரிசெய்ய ஏழு வேலை நாள் தருவார்கள். சங்கத்தைக் கூட்டி வாக்கெடுப்பு நடத்த ஏழு நாள் எங்கே போதும்? எண் ரத்தாகும், தளங்கள் விளம்பரத்தை எடுத்துவிடும். எண் கிடைத்தவர்களும் ஒவ்வொரு பிப்ரவரியிலும் முந்தைய வருடம் எத்தனை பேருக்கு எந்தத் தேதியில் என்ன காரணத்துக்கு விட்டார்கள் என்ற விவரத்தைத் தாக்கல் செய்ய வேண்டும். மறந்தால் எண்ணுக்கே ஆபத்து.

கண்டுகொள்ள மாட்டார்கள் என்று நினைக்கும் காலம் போய்விட்டது. உரிம எண் இல்லாமலோ தவறான எண்ணுடனோ இருந்த 65,935 விளம்பரங்களை எடுக்கும்படி நுகர்வோர் அமைச்சகம் ஏர்பிஎன்பிக்கு உத்தரவிட்டதை 2025 மே மாதத்தில் எல்லா நாளிதழ்களும் எழுதின.

உங்கள் நண்பர் யாராவது அலிகாந்தேயில் வீடு வாங்கியிருந்தால் அவர் அனுபவத்தை அப்படியே இங்கே பொருத்தாதீர்கள். அலிகாந்தே இருக்கும் வலென்சியா மாகாணத்தில் 2024 ஆகஸ்டிலிருந்து பதிவுக்கு ஐந்து வருட ஆயுள், நகராட்சியின் பொருத்தச் சான்று கட்டாயம், அறை அறையாக விட முடியாது. பார்சிலோனாவில் இருக்கும் 10,101 சுற்றுலா ஃபிளாட் உரிமங்களில் ஒன்றையும் 2028 நவம்பருக்குப் பிறகு புதுப்பிக்கப் போவதில்லை என்று மேயர் ஜவ்மே கொல்போனி 2024இலேயே அறிவித்துவிட்டார். மயோர்க்காவின் பால்மாவில் ஃபிளாட்டுகளில் சுற்றுலா வாடகைக்கு 2018இலிருந்தே தடை. கேள்வி ஒன்றுதான், மாகாணத்துக்கு மாகாணம் பதில் மாறும்.

இந்தக் கெடுபிடியை வெறும் அரசாங்கத் தொந்தரவாகப் பார்க்காதீர்கள், அக்கா. 2024 ஜூன் கடைசியில் மாலகா தெருக்களில் ஆயிரக்கணக்கானவர்கள் வீடு கேட்டு ஊர்வலம் போனார்கள். என்னோடு வேலை செய்யும் பெண் இந்த ஊரில் பிறந்தவள். இருபத்தொன்பது வயது, நல்ல சம்பளம்; அம்மா வீட்டில்தான் இன்னும் இருக்கிறாள், வாடகை கட்டுபடியாகவில்லை. நீங்கள் வாங்கும் கட்டடத்தில் வருடம் முழுக்கக் குடியிருப்பவர்கள் இருப்பார்கள். நள்ளிரவில் படிக்கட்டில் பெட்டி இழுபடும் சத்தம் அவர்களுக்குத்தான் கேட்கும். சங்கக் கூட்டத்துக்கு வழக்கறிஞரை மட்டும் அனுப்பாமல் நீங்களே போய் முகம் காட்டுங்கள். நாங்கள் ஏழெட்டு வாரம் இங்கே இருப்போம், மீதி நாளில் இன்னார் பொறுப்பு, இதோ அவர் எண், இரவு பத்து மணிக்கு மேல் சத்தம் வராது என்று சொல்லுங்கள். அப்படிப் போனவர்களுக்கு வாக்கு கிடைத்ததை நான் பார்த்திருக்கிறேன். கிடைக்காமல் போனதையும் பார்த்திருக்கிறேன், அதையும் மறைக்கவில்லை.

விருந்தினர் வர ஆரம்பித்ததும் தினசரிக் கடமை ஒன்று உண்டு. வருபவர்கள் விவரத்தை 24 மணி நேரத்துக்குள் உள்துறை அமைச்சகத்தின் செஸ் ஓஸ்பெதாஹெஸ் என்ற தளத்தில் ஏற்ற வேண்டும். 2024 டிசம்பர் 2 முதல் இது கட்டாயம். 14 வயதுக்கு மேற்பட்டவர்கள் கையெழுத்திட வேண்டும், விவரங்களை மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். பாஸ்போர்ட்டைப் படம் எடுத்து வாட்ஸப்பில் அனுப்பச் சொல்லாதீர்கள். நகல் வாங்கி வைப்பது கூடாது என்று தரவுப் பாதுகாப்பு அமைப்பு தெளிவாகச் சொல்லியிருக்கிறது. விவரத்தை மட்டும் நிரப்பினால் போதும். பெரிய தவறு என்று கருதினால் அபராதம் 30,000 யூரோ வரை போகலாம்.

வரியில்தான் லண்டன்காரர்களுக்கு அதிர்ச்சி. ஐரோப்பிய ஒன்றியத்தில் வசிப்பவர் செலவுகளைக் கழித்துக்கொண்டு 19 சதவீதம் கட்டுகிறார். பிரெக்சிட்டுக்குப் பிறகு பிரிட்டனில் வசிக்கும் உங்களுக்கு வரி அலுவலகம் கேட்பது 24 சதவீதம், அதுவும் மொத்த வருமானத்தின் மேல், செலவு எதையும் கழிக்காமல். ஒரு கணக்குக்கு, வருடம் 12,000 யூரோ வாடகை வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தளத்தின் கமிஷன், சுத்தம் செய்பவர், சாவி வைத்திருப்பவர், சங்கக் கட்டணம், மின்சாரம் என்று 7,000 போனால் கையில் 5,000. அதிலிருந்து 2,880 வரி. மிச்சம் 2,120. கடன் வாங்கி வாங்குகிறீர்கள் என்றால் தவணையை இதிலிருந்து கட்டலாம் என்ற எண்ணம் வேண்டாம். வாடகைக்கு விடாத நாட்களுக்கும் வீட்டின் அரசு மதிப்பில் 1.1 அல்லது 2 சதவீதத்தைக் கற்பனை வருமானமாக எடுத்து, அதற்கும் 24 சதவீதம் கேட்பார்கள். எல்லாம் மோதேலோ 210 என்ற ஒரே படிவம். பிரிட்டனிலும் இந்த வருமானத்தைக் காட்ட வேண்டும். ஸ்பெயினில் கட்டியதை அங்கே கழித்துக்கொள்ளலாம், ஆனால் இங்கே கட்டியது அங்கே வர வேண்டிய வரியைவிட அதிகமாக இருந்தால் மீதி திரும்ப வராது. விடுமுறை வீடுகளுக்கு பிரிட்டன் கொடுத்துவந்த தனிச் சலுகையும் 2025 ஏப்ரலோடு போய்விட்டது.

நீங்கள் தங்கப்போகும் ஏழெட்டு வாரம் பிரச்சினை இல்லை. எந்த 180 நாளிலும் 90 நாள் என்ற ஷெங்கன் வரம்புக்குள் அது அடங்கிவிடும். வீடு வாங்கினால் குடியிருப்பு விசா கிடைக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், அந்தத் திட்டம் 2025 ஏப்ரல் 3இல் முடிந்தது.

சங்கம் 'வேண்டாம்' என்றால் என்ன வழி? வாங்கத்தான் வேண்டும் என்றால், படிக்கவோ வேலைக்கோ வருபவர்களுக்குச் சில மாதங்களுக்கு விடலாம். ஒரே ஆளுக்குத் தொடர்ந்து இரண்டு மாதத்துக்கு மேல் விட்டால் அந்தாலூசியாவின் சுற்றுலா வீட்டு விதி அதற்குப் பொருந்தாது. இணையத் தளம் வழியாக விட்டால் தேசிய எண் அப்போதும் வேண்டும், தற்காலிகமாகத் தங்குவதற்கான காரணத்துக்குக் காகித ஆதாரமும் வேண்டும். வருமானம் குறைவுதான், ஆனால் படிக்கட்டில் உங்களைப் பார்த்தால் அண்டை வீட்டார் முகத்தைத் திருப்பிக்கொள்ள மாட்டார்கள்.

இப்போது செய்ய வேண்டியது: தரகருக்கு இன்றே எழுதுங்கள். நோத்தா சிம்ப்ளே, கட்டடச் சட்டவிதி, 2022இலிருந்து கூட்டக் குறிப்புகள் மூன்றும் வந்த பிறகே ஒப்பந்தம் என்று சொல்லுங்கள். இடைப்பட்ட நேரத்தில், லண்டனில் உள்ள ஸ்பெயின் துணைத் தூதரகத்தில் நியே எண்ணுக்கு, அதாவது வெளிநாட்டவருக்கான அடையாள எண்ணுக்கு, விண்ணப்பம் போட்டு வையுங்கள். அது இல்லாமல் இங்கே எதுவும் நகராது. கூட்டக் குறிப்புகள் வந்ததும் 'உசோ துரிஸ்திகோ' (சுற்றுலாப் பயன்பாடு) என்ற சொற்கள் எந்தப் பக்கத்தில் வருகின்றன என்று தேடுங்கள். அந்தப் பக்கத்தை மட்டும் இங்கே எழுதுங்கள், என்ன தீர்மானம் என்று வரிவரியாகச் சொல்கிறேன்.